'ஹெவி இன்க்ரீஸ்' முதல் 'காட் ரிப்பேர்ட்' வரை: திடீர் மாற்றத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

"நூல் வெலை சடார்னு ஏறிப்போச்சுங்க" என்று திருப்பூரில் ஒருவர் சொன்னால், ஏற்றம் எவ்வளவு வேகம் என்பதை அந்தச் 'சடார்' சொல்லிவிடும். 'கிடுகிடுன்னு' என்றால் நிற்காமல் ஏறுகிறது. 'மளமளன்னு இறங்குது' என்றால் சரிந்துகொண்டே போகிறது. இதே சேதி ஆங்கில மெயிலாக மாறும்போது எல்லாம் சேர்ந்து 'ஹெவி', 'சடன்' என்ற இரண்டு சொல்லுக்குள் சுருங்கிவிடுகிறது. இலக்கணப் பிழை இருக்காது, ஸ்பெல்லிங்கும் சரியாக இருக்கும். ஆனாலும் பையர் (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்) குழம்புவார், சர்வீஸ் இன்ஜினியர் தப்பான பாகத்தோடு வந்து நிற்பார். பெரும்பாலும் கோளாறு சொல் ஜோடியில்தான் இருக்கும்.

கீழே அறிகுறி வாரியாகப் போகிறோம். உங்களுக்கு என்ன பதில் வந்ததோ அந்த இடத்தை நேராகப் பாருங்கள்.

அறிகுறி: அர்த்தம் புரிகிறது, ஆனால் வாக்கியம் உறுத்துகிறது

'ஹெவி இன்க்ரீஸ் இன் பிரைஸ்', 'ஹெவி விண்ட்', 'ஹெவி ஃபீவர்', 'ஹெவி காம்பெடிஷன்'. நான்கும் நம் ஊர் மெயில்களில் வருபவை. நான்கும் ஆங்கிலக் காதுக்கு ஒட்டாதவை.

காரணம் 'கடும்' என்ற நம் சொல். தமிழில் அது ஊர்ப்பொதுக் கிணறு மாதிரி, யார் வேண்டுமானாலும் இறைக்கலாம்: கடும் வறட்சி, கடும் போட்டி, கடும் குளிர், கடும் சரிவு. ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தனக்கென ஒரு துணையை வைத்திருக்கிறது. இது விசித்திரம் ஒன்றும் இல்லை. நாமும் கனமழை என்கிறோம், 'கனவெயில்' என்பதில்லை. கொளுத்தும் வெயில் உண்டு, கொளுத்தும் குளிர் கிடையாது.

'கடும்' பிரியும் விதம் இது:

கடும் விலையேற்றம்: ஷார்ப் ரைஸ், ஸ்டீப் ரைஸ்
கடும் சரிவு: ஷார்ப் ஃபால், ஸ்டீப் டிக்ளைன்
கடும் நஷ்டம்: ஹெவி லாஸ். இங்கே 'ஹெவி' சரிதான். உயிரிழப்பு, போக்குவரத்து நெரிசல், மழை ஆகியவற்றோடும் ஹெவி சேரும்.
கடும் தட்டுப்பாடு: அக்யூட் ஷார்டேஜ், சிவியர் ஷார்டேஜ்
கடும் வறட்சி: சிவியர் ட்ரவுட்
கடும் போட்டி: ஸ்டிஃப் காம்பெடிஷன், ஃபியர்ஸ் காம்பெடிஷன்
பலத்த காற்று: ஸ்ட்ராங் விண்ட்
கடும் காய்ச்சல்: ஹை ஃபீவர்
கடும் வலி: சிவியர் பெயின்
கடும் குளிர்: பிட்டர் கோல்ட்
கடும் நடவடிக்கை: ஸ்டெர்ன் ஆக்‌ஷன், டஃப் ஆக்‌ஷன்

சரிபார்க்க வேண்டுமென்றால் அடைமொழியைத் தேடாதீர்கள், பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். 'ஹெவி' என்று தேடினால் அது எதெதனுடன் சேரும் என்று நூறு வரும், உங்களுக்கு வேண்டியது கிடைக்காது. சொற்சேர்க்கை அகராதியில் 'ஷார்டேஜ்' என்ற சொல்லுக்குப் போனால் அதற்கு முன்னால் வரும் நாலைந்து துணைச்சொற்கள் வரிசையாக இருக்கும். அகராதி கையில் இல்லையென்றால் ஜோடியை மேற்கோள் குறிக்குள் போட்டுச் செய்திப் பக்கத்தில் தேடுங்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் பக்கங்களில் மட்டும் வந்தால் அந்த ஜோடியை உள்ளூர் மெயிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அறிகுறி: "ஒரு தடவை ஏறி நின்றுவிட்டதா, இன்னும் ஏறுகிறதா?" என்று பையர் திருப்பிக் கேட்கிறார்

வேகத்தைச் சொல்லிவிட்டீர்கள், மாற்றத்தின் வடிவத்தைச் சொல்லவில்லை. ஆங்கில வினைச்சொற்களில் பலவற்றுக்குள்ளே ஒரு வரைபடம் ஒளிந்திருக்கிறது.

'ஸ்பைக்': ஆணி மாதிரி மேலே போய் உடனே கீழே வரும். 'சர்ஜ்': அலை போலத் திரண்டு எழுவது. 'சோர்': பருந்து போல மேலே போய்க்கொண்டே இருப்பது. 'ஸ்கைராக்கெட்': வாணம் விட்டது போல. பேச்சுக்கு நன்று, விலைப்பட்டியலோடு அனுப்பும் கடிதத்தில் கொஞ்சம் அதிகம். 'டிப்': லேசாக இறங்கி மீள்வது. 'ஸ்லைடு': நாள்கணக்கில் நழுவிக்கொண்டே போவது. 'ஸ்லம்ப்': விழுந்து கொஞ்ச காலம் எழாமல் கிடப்பது. 'க்ராஷ்', 'கொலாப்ஸ்': சந்தையே நிலைகுலைவது.

'ப்ளமட்' என்ற சொல்லைக் கொத்தனார்கள் எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தொங்கவிடும் ஈயக் குண்டின் பெயர் அது. கயிறு அறுந்தால் அந்தக் குண்டு எப்படி நேர்கீழாக விழுமோ அப்படி விழுவதுதான் இந்த வினை. ஆகவே 'கிராஜுவலி ப்ளமட்டட்' என்பது குண்டு மெதுவாக மிதந்து இறங்கியது என்பது போல. 'ஷார்ப்லி ப்ளமட்டட்' என்பதும் வேண்டாம், வேகம் ஏற்கெனவே வினைக்குள் இருக்கிறது.

2022 மே மாதம் பஞ்சு விலை கேண்டிக்கு (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதை எடுத்துக்கொள்வோம். பல மாதங்களாக ஏறிக்கொண்டே வந்து தொட்ட உச்சம் அது. அன்றைக்கு எழுதும் மெயிலில் 'ஸ்பைக்' என்று போட்டால், "அடுத்த வாரம் இறங்கிவிடுமே, பொறுத்துப் பார்ப்போம்" என்றுதான் பையர் நினைப்பார். 'ஹேவ் சோர்டு' என்பதுதான் அந்த நேரத்துக்குப் பொருந்தும். அந்த ஆண்டு முடிவதற்குள் விலை வெகுவாக இறங்கியது. இப்போது திரும்பிப் பார்த்து எழுதுபவர் பத்தாண்டு வரைபடத்தில் அதை 'ஸ்பைக்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

'ஷார்ப்', 'ஸ்டீப்' இரண்டுக்கும் நடுவே குழப்பமா? திம்பம் மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு ஷார்ப், ஏற்றம் ஸ்டீப். 'ஷார்ப் ரைஸ்' என்றால் போய்க்கொண்டிருந்த விலை வெடுக்கென்று திரும்பியது என்ற திடீர்த்தன்மை முன்னால் நிற்கும். 'ஸ்டீப் ரைஸ்' என்றால் ஏற்றத்தின் அளவு முன்னால் நிற்கும். புழக்கத்தில் இரண்டும் கலந்துதான் வருகின்றன, பெரிய ஆபத்தில்லை. ஆபத்து வேறோர் இடத்தில்: 'ஸ்டீப் பிரைஸ்' என்றால் அநியாய விலை. உங்கள் கொட்டேஷனைப் பற்றி நீங்களே அப்படி எழுதிவிடாதீர்கள்.

அறிகுறி: பையர் தப்பான தொகையைப் போட்டுக் கணக்கு அனுப்புகிறார்

'டு', 'பை', 'ஆஃப்', 'இன்' இடம் மாறியிருக்கும். நூல் கிலோ 280 ரூபாயிலிருந்து 322 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 42 ரூபாய், அதாவது 15 சதவீதம். 'இன்க்ரீஸ்டு டு 15 பர்சென்ட்' என்று எழுதினால் ஏதோ ஒன்று 15 சதவீதத்தில் வந்து நிற்கிறது என்று அர்த்தமாகும்.

இதற்குத் தமிழிலேயே சாவி இருக்கிறது. '322 ரூபாயாக உயர்ந்தது' என்று 'ஆக' போட்டுச் சொல்லும் இடத்தில் 'டு'. '42 ரூபாய் உயர்ந்தது' என்று 'ஆக' இல்லாமல் சொல்லும் இடத்தில் 'பை'. பெயர்ச்சொல்லாக எழுதினால், 'விலையில் ஏற்றம்' என்ற 'இல்' வரும் இடத்தில் 'இன்': 'எ ஷார்ப் ரைஸ் இன் யார்ன் பிரைசஸ்'. '15 சதவீத ஏற்றம்' என்ற அளவுக்கு 'ஆஃப்': 'எ ரைஸ் ஆஃப் 15 பர்சென்ட்'. 'ரைஸ் ஆஃப் யார்ன் பிரைஸ்' என்பதுதான் அதிகம் தென்படும் பிழை.

ஏற்கெனவே சதவீதமாக இருக்கும் ஒன்று ஏறினால் இன்னொரு கண்ணி உண்டு. 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 25 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல் அது 50 ஆனது. இதை '25 பர்சென்ட் இன்க்ரீஸ்' என்றால் கணக்குப்படி 31.25 சதவீதம்தான் வரும். '25 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' என்று எழுத வேண்டும். அதைவிடத் தெளிவு, 'டபுள்ட் ஃப்ரம் 25 டு 50 பர்சென்ட்'. இந்த இடத்தில் 'ஓவர்நைட்' என்று சேர்க்கும் பழக்கத்தையும் விடலாம். இடையில் இருந்தது இருபது நாள், ஒரே ராத்திரி அல்ல. தேதி தெரிந்த எதிராளி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் நம்பமாட்டார்.

அறிகுறி: "விலையை நீங்களே ஏற்றினீர்களா?" என்ற கோபமான பதில்

'ரைஸ்' தானாக ஏறுவது. 'ரெய்ஸ்' ஒருவர் ஏற்றுவது. 'வி ரெய்ஸ்டு த பிரைஸ்' என்றால் பொறுப்பு உங்கள் தலையில். நூற்பாலைகள் மாதத் தொடக்கத்தில் அறிவித்த ஏற்றம் என்றால் 'யார்ன் பிரைசஸ் ரோஸ் ஷார்ப்லி' என்று எழுதுங்கள், அல்லது ஆலைகளை எழுவாயாக வைத்து 'மில்ஸ் ரெய்ஸ்டு' என்று எழுதுங்கள்.

இறக்கத்திலும் இதே கதைதான். ப்ளமட், சோர் இரண்டும் தானாக நடப்பவை, 'வி ப்ளமட்டட் அவர் ரேட்' என்று எழுத முடியாது. நீங்கள் குறைத்தால் 'கட்' அல்லது 'ஸ்லாஷ்டு'. ஸ்லாஷ் என்பதில் வெட்டுக்கத்தியின் வீச்சு இருக்கிறது. கடைப் பலகைக்கு ஏற்றது. ஏற்றுமதிக் கடிதத்தில் 'ரெட்யூஸ்டு' போதும், அதன் பின்னால் எண்ணைப் போடுங்கள்.

அறிகுறி: சின்ன விஷயத்துக்குப் பையர் பதறி ஆர்டரை நிறுத்தி வைக்கிறார்

சொல்லின் எடை சேதியின் எடையைத் தாண்டிவிட்டது. நாமக்கல் முட்டை விலை தினமும் அறிவிக்கப்படுகிறது. பத்துக் காசு இறங்குவது அங்கே வழக்கம், அதற்கு 'க்ராஷ்' போட்டால் உண்மையாகவே சந்தை குலையும் நாளில் எழுதச் சொல் மிச்சமிருக்காது. 'எட்ஜ்டு டவுன்' அல்லது வெறும் 'ஃபெல்' போதும்.

இந்த வகையில் அதிகம் அடிபடும் சொல் 'ட்ராஸ்டிக்'. அது ஆங்கிலத்துக்கு வந்தபோது கடுமையான பேதி மருந்துக்கான வைத்தியச் சொல்லாக வந்தது. அந்த வாடை இன்னும் போகவில்லை. 'ட்ராஸ்டிக் மெஷர்ஸ்', 'ட்ராஸ்டிக் கட்' என்று வலிக்கும் நடவடிக்கைகளோடு பொருந்தும். 'ட்ராஸ்டிக் இம்ப்ரூவ்மென்ட் இன் குவாலிட்டி' என்று நம்மவர்கள் பெருமையாக எழுதுகிறார்கள். படிப்பவருக்கு முன்னே என்ன கதியில் இருந்ததோ என்ற சந்தேகம்தான் வரும். நல்ல மாற்றத்துக்கு 'மார்க்ட் இம்ப்ரூவ்மென்ட்', பெரிதாகச் சொல்ல வேண்டுமென்றால் 'ட்ரமாட்டிக் இம்ப்ரூவ்மென்ட்'.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆறு மணி நேரம் கரண்ட் இல்லாமல் நிட்டிங் நின்றதை மரியாதை கருதி 'ஸ்மால் பவர் ப்ராப்ளம்' என்று எழுதிவிட்டு, பிறகு நாலு நாள் தாமதத்தைக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். 'அன்ஷெட்யூல்டு பவர் கட்' என்று எழுதி மணிக்கணக்கைப் போடுங்கள். மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் பராமரிப்பு நாளை நாம் 'ஷட்டவுன்' என்கிறோம். அதைச் 'சடன்' என்று எழுதுவது செல்லாது, அது 'ஷெட்யூல்டு'. எந்தத் தேதியில் என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பது பையருக்கும் தெரியும்.

அறிகுறி: உற்பத்தி நின்ற விதம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுகிறது

'கிரவுண்ட் டு எ ஹால்ட்' என்ற தொடரைப் பலர் 'டக்கென்று நின்றது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். லோ வோல்டேஜில் கெட்டி மாவோடு முனகி முனகி, வேகம் குறைந்து கடைசியில் நின்றுபோகும் கிரைண்டரை நினைத்தால் இந்தத் தொடர் மறக்காது. மெதுவாகத் தேய்ந்து நிற்பதுதான் அது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

டக்கென்று நிற்பது 'கேம் டு ஆன் அப்ரப்ட் ஹால்ட்'. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்ததும் அப்ரப்ட் ஹால்ட். ஆர்டர் குறைந்து, ஷிஃப்ட் குறைந்து, பிறகு யூனிட் பூட்டப்பட்டால் அது கிரவுண்ட் டு எ ஹால்ட். வேகம் பற்றிப் பேச்சில்லை, முழுதாக நின்றது என்பது மட்டும் போதும் என்றால் 'கேம் டு எ ஸ்டாண்ட்ஸ்டில்'. 'அப்ரப்ட்' நிற்பதோடும் முடிவதோடும்தான் நன்றாகச் சேரும், 'அப்ரப்ட்லி இன்க்ரீஸ்டு' என்று விலைக்குப் போட வேண்டாம்.

அறிகுறி: பம்ப் கம்பெனி புகாரை 'முடிந்தது' என்று மூடிவிடுகிறது, அல்லது தப்பான பாகம் வருகிறது

"மோட்டார் திடீர்னு ரிப்பேர் ஆயிடுச்சுங்க" என்பது 'த மோட்டார் சடன்லி காட் ரிப்பேர்ட்' ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு மோட்டார் சரியாகிவிட்டது என்று பொருள். நேர் எதிர். 'ப்ரோக் டவுன்' என்று எழுதுங்கள். சுற்றுக்கம்பி கருகியிருந்தால் 'த வைண்டிங் பர்ன்ட் அவுட்', ஷாஃப்ட் சுற்றாமல் இறுகியிருந்தால் 'சீஸ்டு', ஸ்டார்ட்டர் தானாக அணைந்திருந்தால் 'ட்ரிப்டு'. மூன்றுக்கும் வரும் ஆளும் வேறு, கொண்டுவரும் சாமானும் வேறு.

தண்ணீர் குறைந்த புகாரில் 'சடன்', 'கிராஜுவல்' இரண்டில் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். 'எ சடன் ட்ராப் இன் டிஸ்சார்ஜ்' என்றால் இன்ஜினியர் உறிஞ்சுகுழாயில் காற்றுக் கசிவு, ஃபுட் வால்வு, குழாய் உடைப்பு என்று தேடுவார். 'எ கிராஜுவல் ட்ராப்' என்றால் இம்பெல்லர் தேய்மானம், வடிகட்டி அடைப்பு பக்கம் போவார். 'ஹெவி வாட்டர் ப்ராப்ளம்' என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

மின்சாரத்துக்கும் தனி ஜோடிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் 'ஃப்ளக்சுவேஷன்' என்று எழுதுகிறோம். அது மேலும் கீழும் ஆடுவது மட்டுமே. நொடிப்பொழுது முதல் ஒரு நிமிடம் வரை வோல்டேஜ் தாழ்ந்து மீண்டால் 'வோல்டேஜ் சாக்' அல்லது 'டிப்'. அதே அளவு நேரம் உயர்ந்தால் 'ஸ்வெல்'. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக எகிறினால் 'ஸ்பைக்'. மணிக்கணக்கில் தாழ்ந்தே இருந்தால் 'சஸ்டெயின்டு அண்டர்வோல்டேஜ்'. சுற்றுக்கம்பி கருகுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கடைசியோ, ஒரு ஃபேஸ் போய்விடும் 'சிங்கிள் ஃபேசிங்'கோதான் காரணமாக இருக்கும். புகாரில் 'ஸ்பைக்' என்று எழுதினால் சர்ஜ் அரெஸ்டர் (மின் எகிறலைத் தடுக்கும் கருவி) வாங்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அறிகுறி: மழைச் சேதக் கோரிக்கையில் இன்சூரன்ஸ் சொல்லைப் பிடித்துக்கொள்கிறது

இந்திய வானிலைத் துறைக்கு 'ஹெவி' என்பது அடைமொழி மட்டுமல்ல, அளவு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை ('வெரி ஹெவி'), அதற்கு மேல் அதிகனமழை ('எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'). 'கிளவுட்பர்ஸ்ட்' என்றால் ஒரு மணி நேரத்தில் சுமார் 100 மில்லிமீட்டர். நாலு மணி நேரம் கொட்டிய மழையில் குடோனுக்குள் தண்ணீர் வந்ததற்கு அந்தச் சொல்லைப் போடாதீர்கள், மழைமானிக் கணக்கோடு ஒப்பிடுவார்கள். ஓடையில் சட்டென்று பெருகி வந்திருந்தால் 'ஃப்ளாஷ் ஃப்ளட்'. தெருவில் வடியாமல் நின்றிருந்தால் 'வாட்டர்லாகிங்'. எண் தெரியாத நிலையில் 'டொரென்ஷியல் ரெயின்' பாதுகாப்பானது. அது துறை அளவுகோலில் இல்லாத பொதுச்சொல்.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பூட்டினால்

வந்தது: 'டியூ டு ஹெவி இன்க்ரீஸ் ஆஃப் யார்ன் பிரைஸ் சடன்லி, வி ஆர் ஃபேசிங் ஹெவி ப்ராப்ளம், கைண்ட்லி இன்க்ரீஸ் த ரேட் டு 8 பர்சென்ட்.'

முதலில் 'ஹெவி'யை எடுத்து 'ஷார்ப்' போடுங்கள். 'ஷார்ப்' வந்ததும் 'சடன்லி' வேண்டியதில்லை. 'ஆஃப்' போய் 'இன்'. 'ஹெவி ப்ராப்ளம்' என்பதை அப்படியே நீக்கிவிட்டு அந்த இடத்தில் எண்ணும் தேதியும். கடைசி 'டு', 'பை' ஆகிறது.

ஆனது: 'யார்ன் பிரைசஸ் ரோஸ் ஷார்ப்லி திஸ் மந்த், ஃப்ரம் 280 டு 322 ருபீஸ் பெர் கிலோ, எ ரைஸ் ஆஃப் 15 பர்சென்ட். வி ரிக்வெஸ்ட் யூ டு ரெய்ஸ் அவர் ரேட் பை 8 பர்சென்ட்.'

இங்கே 'ரெய்ஸ்' சரி, ஏற்றப் போவது பையர். பஞ்சு விலையைச் சேர்த்து எழுதுவதாக இருந்தால் கேண்டி என்பது 356 கிலோ என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். லட்சத்தையும் 'ஹண்ட்ரட் தௌசண்ட்' ஆக்கிவிடுங்கள்.